எழுபது சதவீதம் எதில்?

1

நம் ஊரில் இண்டிகா என்றால் கார். 1998-ல் டாடா கொண்டுவந்தது. ஒரு காலத்தில் கால் டாக்ஸி புக் செய்தால் வாசலில் வந்து நிற்பது பெரும்பாலும் அதுதான். தாவரவியல் படித்தவர்களுக்கு இண்டிகா என்பது மாமரம், மாஞ்சிஃபெரா இண்டிகா. அல்லது வேம்பு, அஸடிராக்டா இண்டிகா. அல்லது புளி, டாமரிண்டஸ் இண்டிகா. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ‘இந்தியாவைச் சேர்ந்தது’ என்பதற்கு மேல் பொருள் கிடையாது. இதில் புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. நம் ரசத்தில் இருப்பதால் அது நம்முடையது என்று ஐரோப்பியர்கள் நினைத்துவிட்டார்கள், நாமும் மறுக்கவில்லை.

டொரன்டோவிலோ லாஸ் ஏஞ்சலஸிலோ சட்டப்படி நடக்கும் ஒரு கஞ்சாக் கடையில் இதே சொல் டப்பா மேல் அச்சாகியிருக்கும். ‘இண்டிகா மேலோங்கிய கலப்பினம், 70/30.’ கவுன்ட்டரில் நிற்பவர் விளக்கமும் தருவார். இண்டிகா உடம்பைத் தளர்த்தும், தூக்கம் வரும். சட்டைவா மனதைக் கிளப்பிவிடும், பேச்சு வரும். இரண்டும் கலந்தால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். கேட்க நன்றாக இருக்கிறது, காபியில் டிகாஷன் தூக்கலா பால் தூக்கலா என்பது மாதிரி.

எனக்கு அந்த 70-தான் தொண்டையில் சிக்கியது. 70 சதவீதம் எதில்? எடையிலா, மரபணுவிலா, வம்சத்திலா, வேதிப்பொருளிலா, விளைவிலா? அலகு இல்லாமல் ஒரு எண் வந்தால் எங்கள் தொழிலில் முதலில் சந்தேகப்படுவோம். இந்தக் கட்டுரை அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு போனது. புகைப்பது நல்லதா கெட்டதா என்பதல்ல என் கேள்வி. ஒரு பொருளுக்குப் பெயர் வைத்தவருக்கு, அந்தப் பெயர் பிற்பாடு செய்யும் காரியங்களில் எவ்வளவு பொறுப்பு உண்டு என்பதுதான்.

2

முதலில் பெயர்களின் கதை. 1753-ல் லின்னேயஸ் கஞ்சாச் செடிக்கு கன்னாபிஸ் சட்டைவா என்று பெயரிட்டார். சட்டைவா என்றால் ‘பயிரிடப்பட்டது’. நெல்லுக்கும் அதே அடைமொழிதான், ஒரைசா சட்டைவா. அவருக்குத் தெரிந்த கஞ்சா ஐரோப்பிய வயல்களில் கயிற்றுக்கும் பாய்மரத் துணிக்கும் வளர்க்கப்பட்ட நார்ப்பயிர்.

1785-ல் பிரெஞ்சுக்காரர் லமார்க், அது ஒன்று மட்டுமல்ல, இன்னொன்றும் இருக்கிறது என்றார். அவர் கையில் இருந்தவை இந்தியாவிலிருந்து பியேர் சொன்னெரா கொண்டுவந்த செடிகள். சொன்னெரா நமக்கு ரொம்ப அந்நியர் அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகத்தில் வேலை பார்த்தவர், 1782-ல் தன் இந்தியப் பயணத்தைப் புத்தகமாக வெளியிட்டவர். அவர் தந்த செடிகளின் ஒடுங்கிய இலைக்கீற்றுகளையும், அவை தலைக்கு ஏறும் என்பதையும் குறித்துக்கொண்டு, லமார்க் அதற்கு கன்னாபிஸ் இண்டிகா என்று பெயர் வைத்தார்.

இங்கே ஒரு வேடிக்கை. ஒடுங்கிய இலை, தலைக்கேறும் குணம், வெப்பநாட்டுச் செடி. இன்றைய கடைக்காரரிடம் இந்த அடையாளங்களைச் சொன்னால், சற்றும் யோசிக்காமல் “அது சட்டைவா சார்” என்பார். இன்று அவர் இண்டிகா என்று விற்பது, குட்டையான, அகன்ற இலை கொண்ட, ஆஃப்கானிஸ்தான் பக்கத்துச் செடியின் வாரிசு. லமார்க் இண்டிகா என்றது இன்று சட்டைவா. இன்று இண்டிகா என்பதை லமார்க் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. பெயர்கள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. மெக்பார்ட்லண்ட் போன்ற தாவரவியலாளர்கள் இதைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடைப் பலகை மாறவில்லை.

இன்னொரு கோளாறும் உண்டு. ‘பயிரிடப்பட்டது’ என்பது ஒரு நிலை. ‘இந்தியாவைச் சேர்ந்தது’ என்பது ஒரு இடம். இரண்டும் எதிரெதிர்ச் சொற்களே அல்ல. ஒரு படிவத்தில் “நீங்கள் திருமணமானவரா, மதுரைக்காரரா?” என்று கேட்டு, ஒன்றை மட்டும் டிக் செய்யச் சொன்னால் எப்படியிருக்கும்? டேட்டாபேஸில் இரண்டு தனித்தனி நெடுவரிசையில் இருக்கவேண்டிய விஷயங்களை ஒரே நெடுவரிசையில் திணித்து, அப்புறம் அதற்குச் சதவீதமும் கணக்குப் போட்டிருக்கிறோம்.

3

ஆஃப்கான் செடி எப்படி இந்தப் பெயருக்குள் வந்தது? 1970களின் தொடக்கத்தில் ஹார்வர்டின் ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்டெஸ் ஆஃப்கானிஸ்தான் போய் அங்குள்ள செடிகளைப் பார்த்தார். 1974-ல் அவரும் சகாக்களும் கஞ்சாவில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு என்று எழுதினார்கள். குட்டையான, அடர்ந்த ஆஃப்கான் செடி அவர்களுக்கு இண்டிகா ஆயிற்று.

அது ஆய்வுக்கூடத்தோடு முடிந்த விவாதம் அல்ல. அப்போதைய அமெரிக்கச் சட்டம் தடை செய்திருந்தது ‘கன்னாபிஸ் சட்டைவா எல்’ என்ற செடியை. வழக்கறிஞர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ‘என் கட்சிக்காரர் வைத்திருந்தது சட்டைவா என்று நிரூபியுங்கள். இண்டிகாவாக இருந்தால் சட்டத்தில் அந்தப் பெயரே இல்லையே?’ ஷுல்டெஸ் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொன்னார், கனடாவின் எர்னஸ்ட் ஸ்மால் அரசுத் தரப்புக்கு. ஒரு மனிதன் சிறைக்குப் போவதும் வீட்டுக்குப் போவதும் ஒரு லத்தீன் சொல்லில் தொங்கியது. பெரும்பாலான நீதிமன்றங்கள், சட்டம் இயற்றியவர்கள் எல்லாக் கஞ்சாவையும்தான் நினைத்தார்கள் என்று சொல்லி வாதத்தைத் தள்ளிவிட்டன. ஆனால் பெயர் வெறும் பெயர்தானே என்று இனிமேல் யாராவது சொன்னால், எனக்கு அந்த நீதிமன்றக் கூண்டுகள்தான் நினைவுக்கு வரும்.

அதே காலத்தில் ஹிப்பிகள் தரைவழியாக ஆஃப்கானிஸ்தானுக்கும் இந்தியாவுக்கும் வந்து திரும்பினார்கள். சிலர் பையில் விதைகளும் போயின. கலிபோர்னியாவில் கொலம்பியா, மெக்சிகோ பக்கத்து உயரமான செடிகளோடு ஆஃப்கான் செடி கலந்தது. ஸ்கங்க் நம்பர் ஒன் என்ற புகழ்பெற்ற கலப்பினம் அப்படிப் பிறந்தது, 1980களில் நெதர்லாந்து போய் அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது.

ஏன் ஆஃப்கான் செடி? காரணம் அழகியல் இல்லை. கஞ்சா, பகல் குறுகினால் பூக்கும் செடி. நிலநடுக்கோட்டுப் பக்கத்துச் செடிகள் பூத்து முடிக்க ரொம்ப நாள் எடுக்கும், வடக்கே அதற்குள் உறைபனி வந்துவிடும். ஆஃப்கான் செடி சீக்கிரம் முடிக்கும். குட்டை வேறு. போலீஸ் ஹெலிகாப்டருக்குப் பயந்து செடியை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களுக்கு விளக்குக்கும் கூரைக்கும் நடுவே ஆறடிதான் இடம். பன்னிரண்டு அடி வளரும் செடியை அங்கே வைக்க முடியாது. ஆக, இன்று ‘இண்டிகா மேலோங்கிய கலப்பினம்’ என்று டப்பாவில் வரும் செடியின் உடலை வடிவமைத்ததில் தடைச்சட்டத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஒழிக்க நினைத்த செடியைக் குட்டையாக்கி, வேகமாக்கி, வீரியமாக்கி வைத்தது அது. இயற்கை என்று நாம் சொல்வதில் எத்தனை அரசாணைகள் ஒளிந்திருக்கின்றன என்று சில நேரம் தோன்றும்.

4

சரி, 70-க்கு வருவோம். தாய் ஒரு ரகம், தந்தை இன்னொன்று என்றால் பிள்ளைக்கு 50/50. அந்தப் பிள்ளையை மறுபடி இண்டிகாப் பக்கமே கட்டிக்கொடுத்தால் 75/25. இது வம்சக் கணக்கு. முதல் தலைமுறையைத் தாண்டினால் ஒவ்வொரு விதையிலும் சீட்டு வேறு மாதிரி குலுக்கப்படும். ஒரே பாக்கெட்டில் வாங்கிய பத்து விதை பத்து விதமாக வரலாம், ஒரே வீட்டு அண்ணன் தம்பி போல. குச்சி வெட்டி வைத்து வளர்த்தால் மட்டுமே தாயின் நகல் கிடைக்கும். எனவே 70 என்பது அதிகபட்சம் ஒரு சராசரி எதிர்பார்ப்பு. அதுவும் முன்னோர்கள் யாரென்று சரியாகத் தெரிந்தால். தலைமறைவாக நடந்த தொழிலில் யார் வம்சாவளிப் பதிவேடு வைத்திருப்பார்கள்?

2015-ல் கனடிய ஆய்வாளர்கள் 81 போதைக் கஞ்சா மாதிரிகளையும் 43 ஹெம்ப் மாதிரிகளையும் மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். ஹெம்ப் என்பது நாருக்கும் விதைக்கும் வளர்க்கும், போதை மிகக் குறைந்த கஞ்சா. சொல்லப்பட்ட வம்சத்துக்கும் உண்மையான மரபணு அமைப்புக்கும் இருந்த பொருத்தம் சுமார்தான். நூறு சதவீத சட்டைவா என்று சொல்லப்பட்ட ஒரு ஜமைக்கா ரகமும், நூறு சதவீத இண்டிகா என்று சொல்லப்பட்ட ஒரு ஆஃப்கான் ரகமும் கிட்டத்தட்ட ஒரே செடியாக இருந்தன. 2021-ல் வந்த இன்னொரு ஆய்வு, இந்தப் பெயர்கள் மொத்த மரபணுவோடு ஒட்டவில்லை, வாசனை தரும் சில டெர்பீன்களோடு மட்டும் கொஞ்சம் ஒட்டுகின்றன என்று காட்டியது. அதாவது, வளர்ப்பவர்கள் மண்வாசனையும் மருந்து நெடியும் வந்தால் இண்டிகா, இனிப்பாக வந்தால் சட்டைவா என்கிற மாதிரி மூக்கை நம்பிப் பெயர் ஒட்டியிருக்கலாம்.

அப்படியென்றால் இண்டிகா வாங்கியவருக்குத் தூக்கம் வருவது பொய்யா? பொய் என்று சொல்லத் தயங்குகிறேன். சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1953-லேயே எழுதினார்: கஞ்சா புகைப்பவர் அதன் விளைவை உணரவே மற்றவர்களிடமிருந்து கற்றுக்கொள்கிறார். எதைக் கவனிப்பது, அதை இன்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது என்பதெல்லாம் பழகி வருவது. தூக்கம் வரும் என்று எழுதிய டப்பாவிலிருந்து எடுத்தவருக்குத் தூக்கம் வருவதில் டப்பாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

தத்துவவாதி இயன் ஹாக்கிங் ஒரு வேறுபாடு சொல்வார். மனிதர்களை வகைப்படுத்தினால், அந்த வகையை அறிந்த மனிதர்கள் மாறுகிறார்கள், பிறகு வகையும் மாறவேண்டி வருகிறது. குவார்க்குக்குத் தன்னைக் குவார்க் என்று அழைப்பது தெரியாது, அதனால் அது மாறுவதில்லை. செடியும் குவார்க் பக்கம்தான் இருக்கவேண்டும், அதுவும் தன் பெயரை அறியாது. ஆனால் அதை வளர்ப்பவருக்குத் தெரியும். ‘இண்டிகா’ என்றால் குட்டையாக, அடர்த்தியாக, நெடியோடு இருக்கவேண்டும் என்று நம்புகிறவர் அப்படி இருக்கும் செடியின் விதையை எடுத்துவைக்கிறார், மற்றதைப் பிடுங்கிப் போடுகிறார். நாற்பது வருடம் இது நடந்தால் செடி தன் பெயரை நோக்கி வளர ஆரம்பித்துவிடும். தவறாக வைத்த பெயர் மெல்ல மெல்லப் பாதி உண்மையாகிவிடும். எனக்கு இது கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. செடியை மட்டும் சொல்லவில்லை.

5

இப்போது இன்னொரு எண். 0.3.

1976-ல், அதே எர்னஸ்ட் ஸ்மாலும் ஆர்தர் கிரான்க்விஸ்டும் ஒரு வகைப்பாடு செய்தார்கள். கஞ்சா ஒரே இனம்தான். அதற்குள் டிஎச்சி என்ற போதைப்பொருள் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஒரு பிரிவு, மேலே இருந்தால் மற்றொன்று. இந்தக் கோடு தாங்களாகப் பார்த்து இழுத்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை, கட்டுரையிலேயே சொன்னார்கள். ஹெர்பேரியத்தில் தாள்களை அடுக்கிவைக்க ஒரு கோடு வேண்டியிருந்தது, போட்டார்கள். அவ்வளவுதான்.

அந்தக் கோடு அலமாரியை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தது. 2018-ல் அமெரிக்க விவசாயச் சட்டம் ஹெம்ப் என்றால் 0.3-க்குள் என்று எழுதிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 0.3, 0.2, மறுபடி 2023-லிருந்து 0.3 என்று ஊசலாடியது. சுவிட்சர்லாந்தில் கோடு 1 சதவீதத்தில். உத்தரகாண்ட் ஹெம்ப் உரிமம் தரும்போதும் அதே 0.3. அறுவடை தள்ளிப்போனால் டிஎச்சி ஏறும். 0.29 வரவேண்டிய இடத்தில் கோட்டைத் தாண்டினால், அந்த விவசாயியின் பயிர் பயிர் இல்லை, போதைப்பொருள்.

பழைய கோடில் இதை நாங்கள் அடிக்கடி பார்ப்போம். எங்கோ ஒரு ஃபைலில் 0.3 என்று ஒரு எண் இருக்கும். பக்கத்தில் ஒரு வரி விளக்கம்கூட இருக்காது. எழுதியவர் வேலை மாறிப் பல வருடம் ஆகியிருக்கும். “தொடாத, எல்லாம் இதை நம்பித்தான் ஓடுது” என்பார் சீனியர். ஸ்மால் விளக்கம் எழுதித்தான் வைத்தார். எண்ணை எடுத்துப் போனவர்கள் விளக்கத்தை விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டுக் கோடு வேறு இடத்தில் இருக்கிறது. 1985-ன் என்டிபிஎஸ் சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் வராது. அதனால்தான் பாங் சில மாநிலங்களில் உரிமம் பெற்ற கடையில் கிடைக்கிறது. ஒரே செடி, ஒரே தண்டு. இலையைக் கிள்ளினால் பண்டிகை, பூவைக் கிள்ளினால் வழக்கு. உரிமம் இல்லாமல் செடியை வளர்த்தாலோ பத்து வருடம் வரை கடுங்காவலும், ஒரு லட்சம் வரை அபராதமும்.

கல்லூரி ஹாஸ்டலில் என் அறை நண்பனுக்குக் கம்பம் பக்கம் ஊர். அவனுடைய பெரியப்பா மலையடிவாரத் தோட்டத்தில் சில செடிகள் வைத்திருந்ததற்காக உள்ளே போய் வந்தவர். சமீபத்தில் அவனிடம் இந்த 70/30 டப்பாவைப் பற்றிச் சொன்னேன். சிரித்தான். “எங்க பெரியப்பாவுக்கு அதுக்குப் பேரே ‘செடி’தான் மச்சான். வேற பேரு இருந்துச்சுன்னே கோர்ட்லதான் தெரிஞ்சுக்கிட்டாரு.”

அவர் செய்தது சரி என்று நான் வாதாட வரவில்லை. அவனும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்ன வாக்கியம் என்னை விடவில்லை. நம் நாட்டின் பெயர் ஒரு வெளிநாட்டுக் கடையில் தரச் சான்றாக நிற்கிறது, அந்த நாட்டில் அதை வளர்த்தவருக்கு அந்தப் பெயர் குற்றப்பத்திரிகையில்தான் அறிமுகமாகிறது.

6

மொராக்கோவின் ரிஃப் மலையில் இந்தக் கதையின் இன்னொரு பக்கம் நடக்கிறது. அங்கே தலைமுறைகளாக வளரும் கஞ்சாவுக்குப் பெயர் பெல்தியா. அரபியில் ‘ஊர்க்காரி’ என்கிற மாதிரி. நாம் நாட்டுக் கோழி, நாட்டுத் தக்காளி என்கிறோமே, அதே ‘நாட்டு’. வானம் பார்த்த நிலத்தில் மழையை நம்பி விளைவது, வீரியம் குறைவு. ஐரோப்பியச் சந்தை இன்னும் வீரியமான பிசினைக் கேட்டபோது வெளியிலிருந்து கலப்பினங்கள் வந்தன. கர்தலா என்று ஒன்று பெரிதாகப் பரவியது. விளைச்சல் அதிகம், விலை அதிகம், தண்ணீரும் அதிகம். கிணறும் போரும் ஆழமாகின.

கஞ்சாவின் மகரந்தம் காற்றில் போவது. பக்கத்து வயலில் கலப்பினம் வந்துவிட்டால், நான் நாட்டு ரகமே வைத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் தனியாக முடிவெடுக்க முடியாது. நம் ஊரில் நெல்லில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நெல் தன் மகரந்தத்திலேயே பெரும்பாலும் கருத்தரிப்பது, அதனால் யாராவது ஒருவர் ஒரு மூலையில் மாப்பிள்ளைச் சம்பாவைக் காப்பாற்றி வைக்க முடிந்தது. கஞ்சாவுக்கு அந்த மூலை கிடையாது.

2021-ல் மொராக்கோ மருத்துவ, தொழில் பயன்பாட்டுக்கு மூன்று மலை மாகாணங்களில் சாகுபடியை அனுமதித்தது. 2024 ஆகஸ்டில் மன்னர், கஞ்சா பயிரிட்டதற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள், தேடப்பட்டவர்கள் என 4,800-க்கும் மேற்பட்டோருக்கு மன்னிப்பு அளித்தார். நல்ல காரியம். ஆனாலும் ‘மன்னிப்பு’ என்ற சொல்லில் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கணக்கு. ஆஃப்கான் மலையிலும் ரிஃப் மலையிலும் கேரள மலைகளிலும் பெயர் தெரியாத ஆட்கள் பல நூறு வருடம் விதை பொறுக்கி வைத்ததால்தான், இன்று ஒருவர் அதைக் கலந்து காப்புரிமை கேட்க முடிகிறது. 2015 முதல் அமெரிக்காவில் கஞ்சா ரகங்களுக்கும் அவற்றை உருவாக்கும் முறைகளுக்கும் காப்புரிமைகள் வழங்கப்பட்டுள்ளன. பாசுமதிக்கு 1997-ல் அங்கே காப்புரிமை தரப்பட்டபோது இந்தியா போய்ச் சண்டை போட்டது. இந்தச் செடிக்காக எந்த அரசும் போய் நிற்காது. குற்றவாளி என்று தானே முத்திரை குத்திய பொருளை, ‘இது எங்கள் பாரம்பரியம்’ என்று எந்த முகத்தோடு கேட்பது?

7

இந்த இடத்தில் எனக்குள் இருக்கும் பொறியாளன் குறுக்கிடுவான். “எல்லா வகைப்பாடும் தன்னிச்சையானதுதான். எங்காவது கோடு போட்டுத்தானே ஆகணும்? 18 வயதுக்கு ஓட்டு என்கிறோம், 17 வயது 364 நாளில் புத்தி இல்லையா என்ன? பெயர் ஒரு கருவி. வேலை செஞ்சா சரி.”

அவன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். கோடு தன்னிச்சையாக இருப்பது குற்றமில்லை. காவிரியின் பெயரைத் தாங்கிய வெள்ளைப் பொன்னியின் வம்சம் மலேசியாவின் மசூரி ரகத்திலிருந்து வருகிறது. அதனால் சோறு கெட்டுப்போகவில்லை, யாரும் சிறைக்கும் போகவில்லை. புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, ரசம் ரசமாகவே இருக்கிறது.

ஆனால் மறுபாதி. பெயர் கருவி என்றால், யார் கையில் அது யார் மேல் பிரயோகமாகிறது என்று கேட்கவேண்டும். கத்தியும் கருவிதான். ஒரு தவறான பெயரின் விலையை அதை வைத்தவரே கொடுத்தால் அது பிழை. வேறொருவர் கொடுத்தால் அது அநீதியின் பக்கம் சாய்கிறது. டப்பாவில் 70 என்று பொய்யாக எழுதியதற்குக் கடைக்காரர் எதையும் இழப்பதில்லை. 0.3 என்று எழுதிய சட்டத்துக்கு அறுவடையைப் பறிகொடுப்பது விவசாயி. பூ என்றும் இலை என்றும் பிரித்த வாசகத்தின் நீளம் ஒரு வரி, அதற்குள் போனவரின் வருடங்கள் நீளம்.

எனவே நான் வந்து சேரும் இடம் இதுதான். லமார்க் தவறு செய்தார் என்று சொல்லமாட்டேன். கையில் இருந்த செடியைப் பார்த்தார், பார்த்ததை எழுதினார், எங்கிருந்து வந்தது என்றும் சொன்னார். ஸ்மாலும் அப்படியே, கோடு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டே போட்டார். பொறுப்பு அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களிடம் ஆரம்பிக்கிறது. கோட்டை எடுத்துக்கொண்டு, அது போடப்பட்ட காரணத்தைத் தூக்கிப்போட்டவர்களிடம். ஒரு பெயரைப் பயன்படுத்துகிறவர் மூன்று கேள்விக்காவது பதில் வைத்திருக்கவேண்டும்: இது எங்கிருந்து வந்தது, எதை அளக்கிறது, தவறாகப் போனால் யார் அடிவாங்குவார்? மூன்றாவதற்குப் பதில் ‘நான் இல்லை’ என்றால், முதல் இரண்டையும் இன்னும் கவனமாகச் சரிபார்க்கும் கடமை அவருக்கு உண்டு.

இது கஞ்சாவோடு நிற்கிற விஷயம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கடன் தரலாமா என்று முடிவுசெய்யும் மதிப்பெண், வேலைக்கு வந்த விண்ணப்பத்தை வடிகட்டும் சொல், அரசு உதவிக்குத் தகுதி என்று சொல்லும் வருமான வரம்பு, எல்லாவற்றிலும் ஒரு 0.3 உட்கார்ந்திருக்கிறது. அவற்றில் பலவற்றை என்னைப் போன்றவர்கள்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தட்டச்சு செய்கிறோம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுத இரண்டு நிமிடம் ஆகும். அடுத்து வருபவர் அதைப் படிப்பார் என்று உத்தரவாதம் கிடையாது. இருந்தாலும் எழுதிவைக்கவேண்டும்.